இடமாற்றமும் ஆற்றலின் வளர்ச்சியும்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

விளையாட்டை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்ப் புலமையுலகில் இன்னும் உறுதியாக வேரூன்றவில்லை. இலக்கியம், நாடகம், நாட்டார் வழக்காறு ஆகியவற்றின் சமூக அடிப்படைகளை நுணுகி ஆராயும் நாம், கோடிக்கணக்கான மக்களின் ஓய்வுப் பொழுதையும் உணர்ச்சிகளையும் ஆட்கொண்டுள்ள விளையாட்டைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கு விட்டுவிடுகிறோம். திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியச் சிந்தனையாளரான சி. எல். ஆர். ஜேம்ஸ், 1963 ஆம் ஆண்டிலே கிரிக்கெட் பற்றி எழுதிய நூலில், ஆடுகளத்துள் நிகழ்வதை அதற்கு வெளியேயுள்ள வர்க்க, இன, காலனித்துவ உறவுகளினின்றும் பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது என்பதை எடுத்துக்காட்டினார். அந்நோக்கைத் துணையாகக் கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தில் அண்மை ஆண்டுகளில் ஏற்பட்டுள்ள ஒரு மாற்றத்தை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

ஓர் அணியில் ஆடிய மாணவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் அணிக்கு மாறிச் செல்லும்போது அவரது ஆற்றல் எவ்வாறு வளர்கிறது என்பதே எமது வினா. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது பயிற்றுநர்களுக்குரிய தொழில்நுட்ப வினாவாகத் தோன்றலாம். ஆயின், வளர்ச்சி என்பது யாது? அதனை உண்டாக்குவது எது? அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது? இவ்வினாக்களை எழுப்பும்போது விடயம் வேறு பரிமாணம் பெறுகின்றது. கலைஞனின் ஆற்றல் பிறவியிலேயே அமைந்தது என்னும் கருத்துமுதல்வாத விளக்கத்தை இலக்கியத் துறையில் நாம் ஏற்பதில்லை. ஆடுகளத்தின் 'பிறவித் திறமை'யையும் அதே அளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும்.

2

இவ்விளையாட்டின் நிறுவன அமைப்பை முதலிற் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகும். அமெரிக்காவிலே பல்கலைக்கழக விளையாட்டை ஆட்சிசெய்வது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகும். 1906 இல் தோன்றிய இச்சங்கத்தின் முதற்பிரிவில் ஏறத்தாழ 360 பல்கலைக்கழகங்கள் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணிகளை வைத்திருக்கின்றன. 1951 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதன் நிறைவேற்றுப் பணிப்பாளராக விளங்கியவர் வால்ரர் பையேர்ஸ். ஐம்பதுகளிலே, ஆட்டத்தின்போது காயமுற்ற அல்லது இறந்த வீரர்களின் குடும்பங்கள் தொழிலாளர் நட்டஈடு கோரி நீதிமன்றம் செல்லத் தொடங்கியபோது, 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் சொற்றொடரைச் சங்கம் வழக்கிற்குக் கொணர்ந்தது. 'தொழிலாளர்' என்ற சொல்லைத் தவிர்ப்பதே அதன் நோக்கம் என்பதைப் பையேர்ஸ் தாமே 1995 இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டுள்ளார். உற்பத்தி உறவு ஒன்றினை ஒரு சொல் எவ்வாறு மறைத்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

மாணவர் பெற்ற ஊதியம் புலமைப்பரிசில் ஒன்றே. நான்கு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்ட இப்பரிசில் 1973 இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதாக மாற்றப்பட்டது. அதாவது, பல்கலைக்கழகம் தன் கடப்பாட்டை ஓராண்டாகக் குறைத்துக்கொண்டது. வீரரின் கடப்பாடோ குறையவில்லை. வேறு பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் கூடைப்பந்தாட்டக்காரர் அங்கு ஓராண்டு போட்டிகளில் ஆடாது ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது. 2018 வரை, புதிய நிறுவனத்துடன் பேசிப் பரிசில் பெறுவதற்குப் பழைய நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியிருந்தது. பயிற்றுநர்களுக்கு இத்தகைய தடை எதுவும் இருக்கவில்லை. கூடுதலான சம்பளம் கிடைக்குமிடத்துக்கு அவர்கள் மறுநாளே செல்லலாம்.

2018 ஒக்ரோபரில் 'இடமாற்றப் பதிவேடு' நடைமுறைக்கு வந்தது. அனுமதி கோரல் நீங்கி, அறிவித்தல் மாத்திரமே போதுமென்ற நிலை ஏற்பட்டது. 2021 ஏப்பிரலில், ஒருமுறை மாறிச் செல்வோர் உடனே ஆடலாம் என விதி தளர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் விதித்திருந்த எல்லைகள் சட்டவிரோதமானவை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. ஜூலையில், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு வழங்கிப் பணம் பெறும் உரிமை வீரர்க்குக் கிடைத்தது. 2023 டிசெம்பரில் மேற்கு வேர்ஜினியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் முறை மாறுவோர் மீதான தடையையும் இடைநிறுத்தியது. 2024 ஏப்பிரல் முதல், கல்வித் தகைமையைப் பேணுவோர் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. ஆறு ஆண்டுகளுக்குள் கட்டுண்ட உழைப்பு சந்தையில் விலைபேசப்படும் உழைப்பாக மாறியது எனச் சுருக்கமாகக் கூறலாம்.

3

இனி வளர்ச்சி பற்றிய வினாவுக்கு வருவோம். மாறிச் சென்ற வீரரின் வளர்ச்சியைப் பத்திரிகைகள் ஓர் எண்ணால் அளக்கின்றன: ஆட்டமொன்றுக்கு அவர் சராசரியாகப் பெறும் புள்ளிகள். இவ்வெண் எவ்வளவு ஏமாற்றவல்லது என்பதை நான்கு வீரரின் வரலாறுகளைக் கொண்டு விளக்கலாம்.

முதலாமவர் டேவியன் மிற்சல். ஒபேர்ண் பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் இவர் பெற்ற சராசரி 3.7 புள்ளிகள். அங்கிருந்து பெய்லருக்கு மாறியபோது அன்றைய விதிப்படி 2018-19 பருவம் முழுவதும் ஆடாதிருந்தார். பின்னர் 9.9, அதன்பின் 14.0 என அவரது சராசரி உயர்ந்தது. தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகைகளில் அவரது வெற்றி வீதம் ஒரே ஆண்டில் 32.4 இலிருந்து 44.7 ஆக ஏறிற்று. 2021 இல் நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான விருதையும் அவர் பெற்றார். அதுவரை தோல்வியே காணாத கொன்சாகாவை 86-70 என வென்று பெய்லர் அவ்வாண்டு வெற்றிக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. தண்டனையாக விதிக்கப்பட்ட ஓராண்டு இவருக்குப் பயிற்சிக் காலமாக அமைந்தது. போட்டியின் நெருக்குதலின்றி, தினமும் அணியுடன் பயின்று, உடலையும் எறிகையையும் செப்பனிட அவகாசம் கிடைத்தது. இதனைக் கொண்டு அத்தடை நியாயமானது என வாதிடுவோர் உளர். தடை வளர்ச்சியைத் தரவில்லை, நேரமே தந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒரு திறன் கைவருவதற்குச் சமூகம் ஒதுக்கவேண்டிய உழைப்பு நேரம் என்னும் உண்மையே இங்கு வெளிப்படுகின்றது.

இரண்டாமவர் டோல்ரன் கனெக்ற். பெரிய பல்கலைக்கழகங்கள் இவரை அழைக்கவில்லை. கொலறாடோ மாநிலத்தின் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் இரண்டு பருவங்களும், வட கொலறாடோப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்களும் ஆடினார். அங்கு 8.9 ஆக இருந்த சராசரி மறு ஆண்டில் 20.2 ஆயிற்று. அதன்பின்னரே ரெனசிப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கு 2023-24 இல் 21.7 புள்ளிகள் பெற்று, தென்கிழக்குக் கூட்டமைப்பின் சிறந்த வீரராகி, தொழில்முறைத் தெரிவில் 17 ஆம் இடத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குத் தெரிவானார். 20.2 இலிருந்து 21.7 என்பது எண்ணளவில் அற்ப வேறுபாடே. எனினும், எதிர்த்தாடியோரின் தரம் முற்றிலும் வேறு. பெரும் பாய்ச்சல் வட கொலறாடோவிலேயே நிகழ்ந்துவிட்டது. ரெனசி அவரை உருவாக்கவில்லை. உருவாகியிருந்தவரை உலகுக்குக் காட்டியது. உருவாக்கிய சிறு நிறுவனங்களின் பெயரை இன்று எத்தனை பேர் நினைவுகூர்கின்றனர்?

மூன்றாமவர் ரிஸ்ரன் நியூற்றன். கிழக்கு கரோலைனாவில் மூன்றாமாண்டில் 17.7 புள்ளிகள் பெற்ற இவர், கொனெக்ரிகட்டுக்கு மாறிய முதற் பருவத்தில் 10.1 புள்ளிகளே பெற்றார். எண்ணை மட்டும் நோக்குவோர் இதனைத் தேய்வு என்பர். அப்பருவத்திலேயே அவரது அணி தேசிய வெற்றியீட்டியது. மறு ஆண்டில் 15.1 புள்ளிகளுடன் மீண்டும் வெற்றியீட்டிய அணியில், இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக நியூற்றனே தெரிவானார். நலிந்த அணியொன்றில் தனியொருவர் பெரும் சுமையைத் தாங்குவதும், வலிய அணியொன்றில் சுமையைப் பகிர்ந்து ஆடுவதும் வெவ்வேறு வகையான உழைப்புக்களாகும். கூட்டுழைப்பில் தன் பங்கைச் சுருக்கிக் கொள்ளக் கற்றுக்கொள்வதும் வளர்ச்சியின் ஒரு கூறே. அதனைக் கணக்கிடும் அட்டவணை பத்திரிகைகளில் இல்லை.

நான்காமவர் ஹெய்லி வான் லித். பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் லூயிவில் அணிக்காக 2022-23 இல் 19.7 புள்ளிகள் பெற்றிருந்த இவர், முந்திய பருவத்தில் வெற்றியீட்டிய லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியிற் சேர்ந்தார். புள்ளி பெறுவதில் வல்லோர் பலர் நிறைந்திருந்த அவ்வணியில் பந்தைப் பகிர்ந்தளித்து ஆட்டத்தை வழிநடத்தும் பொறுப்பு இவருக்கு வழங்கப்பட்டது. சராசரி 11.6 ஆக வீழ்ந்தது. அவரது காலம் முடிந்துவிட்டது எனப் பலர் எழுதினர். அடுத்த ஆண்டில் ரெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கும் பந்து அவர் கையிலேயே இருந்தது. ஆனால், அவரையும் உயரமான நடு ஆட்டக்காரர் ஒருவரையும் இணைக்கும் கூட்டுறவை அச்சாகக் கொண்டு ஆட்டமுறை வகுக்கப்பட்டிருந்தது. சராசரி 17.9 ஆயிற்று. அப்பல்கலைக்கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக 2025 இல் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாயிற்று. ஒரே மனிதர், ஒரே கைகள். மூன்று ஆண்டுகளில் மூன்று வேறு வீரராக அவர் தோற்றமளித்ததற்குக் காரணம் அவருள்ளே இருந்ததா, உற்பத்தி ஒழுங்கமைப்பில் இருந்ததா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

4

மேற்கூறியவற்றால் இடமாற்றமே வளர்ச்சிக்கு வழி என்னும் முடிவுக்கு வருதல் தவறாகும். பேர்டியூப் பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி இதற்கு நேரெதிரான சான்று. கனடா நாட்டவரான இவர் நான்கு பருவங்களையும் ஒரே பயிற்றுநரின் கீழ் ஒரே அணியிற் கழித்தார். அவரது சராசரி 8.7, 14.4, 22.3, 25.2 எனப் படிப்படியாக உயர்ந்தது. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டின் மிகச் சிறந்த வீரராக அவர் தெரிவானார். மிற்சலுக்கு மாற்றம் அளித்த காலத்தை ஈடிக்கு நிலைபேறு அளித்தது.

ஆகவே வளர்ச்சியை நிர்ணயிப்பது மாறுதலோ மாறாமையோ அன்று. பயிற்சிக்குக் கிடைக்கும் காலம், அணியில் வழங்கப்படும் பாத்திரம், உடனாடுவோரின் இயல்பு, தவறிழைத்துக் கற்பதற்கான இடம் ஆகிய நிபந்தனைகளின் கூட்டே அதனை நிர்ணயிக்கின்றது. திறமை என்பது ஒருவர் தம்முடன் பெட்டியில் எடுத்துச் செல்லும் பொருளன்று. மனிதரிடையே ஏற்படும் உறவு. உறவு மாறும்போது அதுவும் மாறுகின்றது. இதுவே எமது கட்டுரையின் மைய வாதமாகும்.

5

வளர்ச்சி ஓர் உறவு எனின், அதன் செலவை யார் ஏற்கின்றனர், பயனை யார் பெறுகின்றனர் என்னும் வினா தவிர்க்கவியலாததாகின்றது. 2025 ஏப்பிரலில் ஹூஸ்ரனை 65-63 என வென்று தேசிய வெற்றி பெற்ற புளோரிடா அணியை நோக்குவோம். வழமையாக முதலில் களமிறங்கிய ஐவருள் நால்வர் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள்: வால்ரர் கிளேய்ரன் ஐயோனாவிலிருந்து, அலைஜா மார்ட்டின் புளோரிடா அற்லாண்ரிக்கிலிருந்து, வில் றிச்சர்ட் பெல்மொன்ரிலிருந்து, றூபன் சின்யெலு வாஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து. முதல் மூவரும் வந்த நிறுவனங்கள் தொலைக்காட்சிப் பணமும் பெரும் அரங்குகளும் வாய்க்காதவை.

கிளேய்ரனின் வரலாறு விளக்கமானது. ஐயோனாவில் இரண்டாமாண்டில் 16.8 புள்ளிகள் பெற்று அக்கூட்டமைப்பின் சிறந்த வீரரானார். 2023 மார்ச்சில் அவரது பயிற்றுநர் றிக் பிற்றினோ சென்ற் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுச் சென்றார். கிளேய்ரன் புளோரிடாவுக்குச் சென்றார். அங்கு 17.6, 18.3 எனச் சராசரி பெற்று, 2025 இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த வீரரானார். பயிற்றுநர் வெளியேறியதை எவரும் விசுவாசமின்மை எனக் கூறுவதில்லை. வீரர் வெளியேறும்போதே அச்சொல் நினைவுக்கு வருகின்றது. முதலாளித்துவ ஒழுக்கவியலின் இரட்டை அளவுகோல் இது.

மூன்றாம் உலக நாடுகளின் பின்தங்கிய நிலை பற்றி ஆராய்ந்த ஆந்த்ரே குந்தர் பிராங்க் போன்றோர் மையம், விளிம்பு என்னும் கருத்தாக்கங்களைப் பயன்படுத்தினர். விளிம்பு மூலப்பொருளை வழங்க, மையம் அதனை முடிவுப் பொருளாக்கி இலாபம் பெறும். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் சிறு பல்கலைக்கழகம் விளிம்பாகும். பதினெட்டு வயதில் எவரும் விரும்பாத இளைஞரைச் சேர்த்து, அவர் தவறிழைத்துக் கற்கும் ஆண்டுகளின் செலவை அது ஏற்கின்றது. அவர் ஆற்றல் முதிர்ந்த ஆண்டில் மையம் அவரை அழைத்துக்கொள்கின்றது. தேசியப் போட்டியின் ஒளிபரப்புரிமை 2010 இல் பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. 2016 இல் மேலும் 880 கோடி டொலருக்கு 2032 வரை நீடிக்கப்பட்டது. சங்கத்துக்கு வந்துசேரும் இப்பணத்தின் பகிர்வில் போட்டி வெற்றிகள் முக்கிய அளவுகோலாக இருப்பதால் பெரும் கூட்டமைப்புகளே பெரும்பங்கைப் பெறுகின்றன. அப்பணம் மீண்டும் விளிம்பின் வீரரை ஈர்க்கும் சக்தியாகின்றது.

எனினும், சிறு நிறுவனங்களின் பேரால் வீரரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பார் கூற்றை நாம் ஏற்க முடியாது. கட்டுண்ட உழைப்பின் மீது எழுப்பப்படும் சமத்துவம் சமத்துவமாகாது. சுரண்டலுக்குரிய மருந்து வருமானத்தின் நியாயமான பகிர்வே அன்றி, மீண்டும் விலங்கு பூட்டுவதன்று.

6

ஆயினும் இச்சுதந்திரத்தின் தன்மையை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும். முதலாளித்துவத்தில் தொழிலாளி இருவகையிலே 'சுதந்திரமானவன்' என மார்க்ஸ் விளக்கினார்: தன் உழைப்புச் சக்தியை விற்கும் சுதந்திரம் ஒன்று, அதனைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாத நிலை மற்றொன்று. இடமாற்றப் பதிவேட்டில் தன் பெயரைப் பதியும் மாணவர் இவ்விரு சுதந்திரங்களையும் ஒருங்கே பெறுகின்றார். அவர் பெயரைப் பதிந்ததும் பழைய பல்கலைக்கழகம் அவரது புலமைப்பரிசிலை அப்பருவத்தின் முடிவில் நிறுத்திவிடலாம். புதிய இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை.

எண்களையே நோக்குவோம். 2025 வரை நிலவிய விதிப்படி ஆண்கள் அணியொன்றுக்குப் 13 புலமைப்பரிசில்களே உண்டு. ஏறத்தாழ 360 அணிகளுக்கும் சேர்த்து மொத்தம் 4,700 இடங்கள் வரையிலேயே அமையும். 2025 வசந்த காலத்தில் ஆண்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவேட்டில் இடம்பெற்றனர். அதே இடங்களுக்குப் பாடசாலைகளிலிருந்து வெளியேறுவோரும் காத்து நிற்கின்றனர். எல்லோருக்கும் இடமில்லை என்பது எளிய கணக்கு. கிளேய்ரனும் கனெக்ற்றும் நாம் அறிந்த பெயர்கள். இரண்டாம் பிரிவுக்கு இறங்கியோர், பரிசிலின்றிப் படிப்பை நிறுத்தியோர் ஆகியோரின் பெயர்கள் எவ்வட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. வெற்றியாளரின் வாழ்க்கை வரலாறுகளை மட்டும் தொகுத்து 'மாற்றம் வளர்ச்சி தரும்' என விதி வகுப்பது, பரிசுச்சீட்டில் வென்றவரை மட்டும் விசாரித்துவிட்டுப் பரிசுச்சீட்டே செல்வத்துக்கு வழி எனக் கூறுவதை ஒத்தது.

இதனோடு கல்வியின் நிலையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்திற் சித்தியெய்திய பாடங்கள் அனைத்தையும் மற்றொன்று ஏற்றுக்கொள்வதில்லை. மூன்று நிறுவனங்களில் நான்கு ஆண்டுகளைக் கழிக்கும் மாணவர் ஆட்டக்காரராக வளர்ந்திருக்கலாம். பட்டதாரியாக வளர்ந்தாரா என்பது வேறு வினா. முதற்பிரிவு ஆண்கள் கூடைப்பந்தாட்ட வீரருட் பெரும்பகுதியினர் கறுப்பின இளைஞர் என்பதையும், அவர்களில் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டத்துக்குத் தெரிவாவர் என்பதையும் நினைவிற் கொண்டால், பட்டம் இழக்கப்படுவதன் பாரதூரம் புலனாகும். தொழில்முறைத் தெரிவில் ஆண்டுதோறும் தெரிவாவோர் தொகை அறுபதைத் தாண்டுவதில்லை. வெளிநாட்டு வீரரும் அத்தொகையுள் அடங்குவர்.

தனித்தனியே விலைபேசும் இச்சுதந்திரத்தின் எல்லையை உணர்ந்த சிலர் கூட்டாகப் பேரம்பேசவும் முயன்றனர். டாட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணியினர், தாம் தொழிலாளரே எனத் தேசியத் தொழில் உறவுகள் சபையின் பிராந்தியப் பணிப்பாளரிடம் தீர்ப்புப் பெற்று, 2024 மார்ச் 5 ஆம் திகதி 13க்கு 2 என்ற வாக்குகளால் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். கல்லூரி அவர்களுடன் பேச மறுத்தது. சாதகமற்ற அரசியற் சூழலை எதிர்நோக்கி அவ்வாண்டு இறுதியில் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத் தீர்வின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விளையாட்டு வீரர்களுக்கு 2025-26 இல் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை நேரடியாக வழங்க முடிந்தது. சம்பளம் வந்தது, 'தொழிலாளர்' என்ற சொல் வரவில்லை. பையேர்ஸ் காலத்துச் சொற்றொடரின் ஆயுள் அவ்வளவு நீண்டது.

7

தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, மாறிச் செல்லும் வீரரின் வளர்ச்சியைப் புள்ளிச் சராசரி கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. அவர் எத்தகைய கூட்டுழைப்பில், எத்தகைய பாத்திரத்தில், யாருக்கெதிராக ஆடினார் என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். இரண்டு, அவ்வளர்ச்சி பல நிறுவனங்களினதும் பல மனிதரினதும் உழைப்பால் விளைவது. அதன் பயனோ கடைசியில் அவர் நின்ற நிறுவனத்துக்கே சேர்கின்றது. உழைப்பு சமூகமயமாகவும் பயன் தனியுடைமையாகவும் இருக்கும் முரண்பாடு அரங்கின் விளக்கொளியிலும் மறைவதில்லை. மூன்று, மாறிச் செல்லும் உரிமை முற்போக்கானது. அதனை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் இடம் கிடைக்காதவருக்கும் பரிசிலையும் பட்டத்தையும் உறுதிசெய்யாத உரிமை, வல்லவருக்கு வாய்ப்பாகவும் ஏனையோருக்கு ஆபத்தாகவும் முடிகின்றது.

விளையாட்டு வீரரின் 'முன்னேற்றம்' பற்றிய செய்தியை வாசிக்கும்போது அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று மட்டும் கேட்பது போதாது. அவரை வளர்த்தவர் யார், அவருடன் புறப்பட்டு வழியில் நின்றுபோனவர் எத்தனை பேர் என்றும் கேட்டல் வேண்டும். இலக்கிய வரலாற்றை எழுதும்போது பெரும் புலவரின் பெயர்களை மட்டும் நிரற்படுத்தாது அவர்களை ஆக்கிய சமூகத்தை ஆராய்வதற்கு நாம் முயன்று வந்துள்ளோம். அம்முயற்சியை ஆடுகளத்துக்கும் விரிவுபடுத்துவது காலத்தின் தேவையாகும்.